கபாலி யாரிடம் சரணடைந்தார்?

2016 ஜூலையில் லாயாங் லாயாங்கிலிருந்து இரண்டு காரில் பதினோரு பேர் ஜொகூர் பாருவுக்குக் 'கபாலி' பார்க்கப் போனோம். எங்களில் பாதிப்பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டத் தொழிலாளியாக இருக்கும் ரஜினி கூலிக்காகக் குரல் கொடுக்கும் காட்சியில் அரங்கமே விசிலடித்தது. அப்பா மட்டும் சத்தம் போடாமல் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். சினிமாவில் தன் வேலையை ஒரு கதாநாயகன் செய்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டதாகத் திரையில் ஒரு வாசகம் வந்தது. சிலர் சிரித்தார்கள். திரும்பி வரும்போது பின் சீட்டில் இருந்த பக்கத்து வீட்டுத் தம்பி, அப்போது நான்காம் படிவம், கேட்டான்: "அண்ணே, கபாலி எதுக்குண்ணே சரணடையணும்? அவரு என்னா தப்பு செஞ்சாரு?"

"சென்சார்டா அது, விடு" என்றேன். ரொம்ப சுலபமான பதில். அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

சூப்பர் ஹீரோ தப்பு செய்யலாமா என்று நண்பர்கள் மணிக்கணக்காகச் சண்டை போடுவதுண்டு. 2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் சூப்பர்மேன் ஸாடின் கழுத்தை முறித்துக் கொன்றபோது, சூப்பர்மேன் கொல்லவே மாட்டான் என்று பாதி ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்குக் கொலை உறுத்தவில்லை. எதிரே ஒரு குடும்பம் சாகப் போகிறது, அவனுக்கு வேறு வழி தெரியவில்லை, கொன்றபின் அலறுகிறான். அதுவரை நம்பினேன். அடுத்த காட்சியிலேயே ராணுவ அதிகாரியிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறானே, அங்கேதான் படம் என்னைக் கைவிட்டது. கொலை நடந்த சுவடே அவனிடம் இல்லை.

2002இல் வந்த 'ஸ்பைடர்மேன்' அப்படியில்லை. தன்னை ஏமாற்றியவன் மேல் உள்ள கடுப்பில் பீட்டர் ஒரு திருடனைத் தப்பவிடுகிறான். அந்த இரவே மாமா பென் சாகிறார். அற்பமான தப்புதான், நாமே செய்திருப்போம். ஆனால் அதற்கப்புறம் அவன் செய்யும் எல்லாவற்றிலும் அந்த இரவு இருக்கிறது. ஆகவே ஒரு நாயகனின் தப்பு அவனுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க நான் இரண்டே கேள்விகளைத்தான் கேட்கிறேன். அந்தத் தப்பு அவன் குணத்திலிருந்து வந்ததா? அதன் கணக்கு அவன் வாழ்க்கையில் எங்காவது எழுதப்படுகிறதா?

நம்முடைய சூப்பர் ஹீரோவுக்கு முகமூடி கிடையாது, கோட்டுதான். கபாலியிடம் முதல் கேள்வியைக் கேட்டால் அவர் தேறிவிடுகிறார். தோட்டத்தில் உரிமை கேட்டவன், தலைவர் தமிழ்நேசன் கொல்லப்பட்டதைப் பார்த்தவன், மனைவியையும் பிள்ளையையும் இழந்ததாக நம்பி 25 வருஷம் சிறையில் கிடந்தவன். அவன் கையில் துப்பாக்கி இருப்பது அவன் வரலாற்றுக்குப் பொருந்தாததல்ல. இதை நம்பும்படி சொன்னது பா. இரஞ்சித்தின் பலம்.

இரண்டாவது கேள்வியில்தான் படம் தடுமாறுகிறது. டோனி லீயின் 43 கும்பல் போதைப்பொருள் விற்கிறது, ஆட்களைக் கடத்துகிறது. கபாலி அதையெல்லாம் தொடமாட்டார். சரி, அப்படியானால் அவர் கும்பல் என்னதான் செய்கிறது? அந்தக் கோட்டும் காரும் எந்தக் காசில் வந்தன? படம் தெளிவாகச் சொல்வதில்லை. அழுக்கெல்லாம் எதிரிக் கும்பலுக்கு, கம்பீரமெல்லாம் நம் கும்பலுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் அந்தத் தம்பிக்கு அவர் செய்த தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. காட்டினால்தானே படும்?

மகள் யோகியையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவைக் கொல்லக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண் அவள். தன் மகள் உயிரோடு இருக்கிறாள் என்பது கபாலிக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தன் பிள்ளை கூலிக்குக் கொலை செய்பவளாக வளர்ந்திருக்கிறாளே என்ற நடுக்கம் ஒரு தகப்பனுக்கு வரவேண்டாமா? படம் அவளை அப்பாவுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நிறுத்திக் கைதட்டல் வாங்குகிறது. 1987இல் வந்த 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கரின் மகள் சாருமதி அப்பாவைக் கேள்வி கேட்டுவிட்டு வீட்டைவிட்டே போய்விடுகிறாள். மகன் செத்துப்போகிறான். நீதிமன்றம் வேலுவை விடுவித்த பிறகும் கதை அவரை விடுவதில்லை. அவர் கொன்ற போலீஸ்காரரின் மகன், அவர் ஆதரவிலேயே வளர்ந்த அஜித், வாசலில் வைத்துச் சுடுகிறான். சட்டத்தின் கணக்கு ஒன்று, வாழ்க்கையின் கணக்கு இன்னொன்று என்பது அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது.

கபாலியின் இந்தியப் பதிப்பை அப்புறம்தான் பார்த்தேன். அதன் முடிவில் கபாலி நடத்தும் பள்ளியில் இருந்த டைகர் என்ற பையன், காவல்துறை அனுப்பி, அவரை நெருங்குகிறான். திரை இருட்டாகிறது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. இரண்டரை மணி நேரம் தப்பித்துக்கொண்டிருந்த படம் கடைசி நிமிடத்தில் கணக்குக்கு வருகிறது. வழிதவறிய பிள்ளைகளைக் காப்பாற்றப் பள்ளி வைத்தவர் அந்தப் பிள்ளைகளில் ஒருவன் கையாலேயே முடிகிறார். அந்தப் பையன் துப்பாக்கியை யாரைப் பார்த்து விரும்பக் கற்றான் என்ற கேள்வி அந்த இருட்டில் இருக்கிறது. கபாலியின் குறை கபாலிக்குப் பொருந்துவது இந்த ஓர் இடத்தில்தான்.

நாங்கள் ஜொகூர் பாருவில் பார்த்த படத்தில் அந்த இடம் நமக்கு இல்லாமல் போனது. குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்பது தணிக்கையின் நோக்கமாக இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் நடந்தது என்ன? நாயகன் தன் பையனிடம் பதில் சொல்லவேண்டிய இடத்தில் காவல் நிலையத்துக்குப் போனதாக ஒரு வரி. தண்டனை வந்துவிட்டது, குற்றம் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. விளைவு, நம் ஆளைச் சட்டம் அநியாயமாகப் பிடித்துவிட்டது என்ற வருத்தத்தோடு பையன்கள் வெளியே வந்தார்கள். ஒழுக்கத்துக்காகச் சேர்த்த வரி கபாலியை இன்னும் அப்பழுக்கற்றவராக ஆக்கியதுதான் மிச்சம்.

இது வெறும் சினிமா ரசனைச் சண்டையாக இருந்தால் இவ்வளவு எழுதமாட்டேன். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு சட்டவிரோதமான 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. 04, 08, 36 என்று எண்களாகவே அறியப்பட்டவை பல. உறுப்பினர்களில் பெரும்பான்மை இந்தியர்கள் என்ற செய்தியும் கூடவே வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு வேறு நாட்டு ஆட்கள் வந்து, லயத்தைக் காலி செய்து பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் அவர்களில் எத்தனையோ பேர். கபாலி பேசுவது அவர்களைப் பற்றித்தான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்ததும் அதனால்தான். அந்த நிமிர்வைக் கொடுத்த படம் என்பதாலேயே அதனிடம் கணக்குக் கேட்கவேண்டியிருக்கிறது. வேறு எந்த ரஜினி படத்திடமும் எனக்கு இந்தக் கோபம் வந்ததில்லை.

அந்தத் தம்பி ஐந்தாம் படிவத்தை முடிக்கவில்லை. யாரோ சில அண்ணன்மாரோடு சுற்றுகிறான் என்றார்கள், பிறகு ஊரிலேயே காணோம். கபாலியால்தான் இப்படி ஆனான் என்று சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் அன்றைக்குக் காரில் அவன் கேட்ட கேள்விக்கு மூன்று பேர் பதில் சொல்லியிருக்கலாம். படம் மழுப்பியது, தணிக்கை வாரியம் ஒரு வரியில் முடித்தது, நான் சென்சார் என்று சொல்லிச் சிரித்தேன்.

அவன் அம்மாவைப் பசாரில் இன்னும் பார்க்கிறேன். தம்பி எப்படி இருக்கான்னு கேட்கிறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு.