காண்பவனும் சாட்சியே

அரபு மொழியில் ‘ஷஹித’ என்னும் வினைச்சொல்லுக்கு நேரிற் கண்டான் என்றும், சாட்சி பகர்ந்தான் என்றும் இரு பொருளுண்டு. வழக்கு மன்றத்தில் நின்று உண்மை உரைப்பவன் ‘ஷாஹித்’. நாடகத்தையோ திரைப்படத்தையோ பார்ப்பவன் இன்றைய அரபு வழக்கில் ‘முஷாஹித்’. இரண்டும் ஒரே வேரிற் கிளைத்த சொற்கள். கண்டவன் கண்டதற்குப் பொறுப்பாளன் என்னும் கருத்து அம்மொழியின் அமைப்பிலேயே பொதிந்து கிடக்கிறது. சாட்சியத்தை மறைப்பதைப் பாவமென்று திருமறையும் கண்டிக்கிறது. ஓ.டி.டி. தளங்களில் நான் பார்த்த சில படங்களையும் ஒரு தொடரையும் இந்த அளவுகோல் கொண்டே ஈண்டு மதிப்பிட விழைகின்றேன்.

மார்க்கக் கல்வி பயின்றவனுக்குத் திரைப்படத்தோடு என்ன வேலை என்று வினவும் பெரியோர்கள் உளர். அவர்களுடைய கவலையை மதிக்கிறேன். ஆயினும், திரையரங்கே இல்லாத மலையூர்களுக்கும் கைப்பேசி வழியாகப் படங்கள் வந்து சேர்ந்துவிட்டன. மாணவன் பார்த்துவிட்டு வருவதை ஆசிரியன் பாராதிருந்தால், மாணவனோடு பேச அவனிடம் எஞ்சுவது வெறும் ஏச்சு மட்டுமே.

ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த இளைஞர்கள் விரும்பிப் பார்த்த படம் ‘புஷ்பா’. சுகுமார் இயக்கிய இத்தெலுங்குப் படத்தின் முதற்பாகம் 2021 டிசம்பரிலும், இரண்டாம் பாகம் 2024 டிசம்பரிலும் வெளிவந்தன. தமிழிலும் பேசும்படி மாற்றப்பட்டு, இரண்டும் வீட்டுத் திரைக்கு வந்தன. கதைக்களம் சேஷாசலக் காடு. கதைப்பொருள் செம்மரக் கடத்தல். கூலியாக மரம் வெட்டப் போகும் ஒருவன், போலீசாரை ஏமாற்றிச் சரக்கைக் காப்பாற்றும் சாமர்த்தியத்தால் முதலாளியின் கண்ணிற் பட்டு, பங்காளியாகி, இறுதியில் கடத்தல் உலகிற்கே தலைவனாகிறான்.

படத்தின் பலத்தை மறைப்பது நேர்மையாகாது. தந்தையின் குடும்பப் பெயர் தனக்கு மறுக்கப்பட்டதென்னும் புண்ணே நாயகனை இயக்குகிறது. ஒரு தோளை உயர்த்திச் சாய்ந்து நடக்கும் அந்த நடையில், எவர்க்கும் பணியேன் என்று சொல்லும் கூலியாளின் தன்மானத்தை அல்லு அர்ஜுன் கொண்டு வந்திருக்கிறார். சிறந்த நடிகருக்கான தேசிய விருது 2023இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. கூலிக்காரன் தலை நிமிர்வதைக் கண்டு மலையூர் இளைஞன் மகிழ்ந்தால் அவனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

என் வழக்கு வேறிடத்தில் இருக்கிறது. செம்மரம் ஆந்திரத்தின் சித்தூர், கடப்பை வட்டாரங்களையொட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இயற்கையாக வளர்வது. சீனம், ஜப்பான் முதலிய நாடுகளில் அதற்குப் பெருவிலை உண்டு. அதை வெட்டுவதற்குத் தரகர்கள் ஆள் தேடி வந்த இடங்களுள் ஜவ்வாது மலையும் ஒன்று. சாமை விளையும் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் மலையாளிப் பழங்குடியினர், கோடரி பிடிக்கத் தெரிந்தவர்கள் என்பதனாலேயே அத்தரகர்களுக்குத் தேவைப்பட்டார்கள். மலையேறி, மரம் வீழ்த்தி, கட்டையைச் செதுக்கித் தோளிற் சுமந்து வருவது அவர்கள் வேலை. விற்பனையின் பெரும்பணம் வேறெங்கோ போய்ச் சேரும்.

2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் 20 பேர் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்; ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். கல்லாலும் கோடரியாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றனர் உறவினரும் மனித உரிமை அமைப்பினரும். தேசிய மனித உரிமை ஆணையமும் அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இந்நிகழ்ச்சிக்கு ஆறாண்டுகள் கழித்து, அதே காட்டையும் அதே மரத்தையும் வைத்து எடுக்கப்பட்ட படத்தில் மரவெட்டிகளுக்குக் கிடைத்த இடம் என்ன? நாயகனையும் அவன் தோழன் கேசவனையும் நீக்கிப் பார்த்தால், கோடரி பிடித்தவர்களுள் பெயரோடு நம் நினைவில் நிற்பவர் எவருமில்லை. அவர்கள் கூட்டமாக வருகிறார்கள். நாயகன் நடந்து வரும்போது பின்னணியாக நிற்கிறார்கள். இரண்டாம் பாகத்திலோ, தன்னோடு புகைப்படம் எடுத்துக்கொள்ள மறுத்த முதலமைச்சரையே பணத்தால் மாற்றிவிடுகிறான் நாயகன். கடத்தல் ஒரு விளையாட்டாகிவிடுகிறது. அவ்விளையாட்டிற்கு உயிரை விலையாகக் கொடுத்தவன் கணக்கிலேயே வரவில்லை.

திருடனைக் கதைத்தலைவனாக்கியதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நம் இலக்கியத்திற்கு அது புதிதன்று. ‘சீதக்காதி நொண்டி நாடகம்’ நம் புலவர் மரபு போற்றும் நூல். அதன் தலைவன் குதிரை திருடப் போய் அகப்பட்டவன். அவன் உறுப்புகள் துண்டிக்கப்படுகின்றன. வள்ளல் சீதக்காதியின் ஆதரவு பெற்று, மக்கா சென்று, இறையருளால் நலம் அடைகிறான். அவன் செய்த களவுகளை அவன் வாயாலேயே கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் கேட்கும் நேரமெல்லாம் அவனுடைய முடம் நம் கண்முன் நிற்கிறது. களவின் விலையைக் களவு செய்தவன் உடம்பிலேயே எழுதி வைத்தார் அப்புலவர். ‘புஷ்பா’வில் களவின் புகழ் ஒருவனுக்கு, விலை பிறர்க்கு. அறத்தில் மட்டுமின்றிக் கலையிலும் இது குறை என்பது என் துணிபு. விலையற்ற வீரத்தில் அச்சமில்லை, அச்சமில்லாத இடத்தில் இரக்கமும் பிறப்பதில்லை.

த.செ. ஞானவேல் இயக்கி, 2021 நவம்பரில் நேரே வீட்டுத் திரைக்கு வந்த ‘ஜெய் பீம்’ வேறு வழியிற் செல்கிறது. 1993இல் நடந்த ஒரு காவல்நிலையச் சாவையும், அவ்வழக்கை நடத்திய வழக்கறிஞர் சந்துருவின் பணியையும் அடிப்படையாகக் கொண்ட படம் அது. காணாமற் போன ராசாகண்ணு நமக்குப் பெயரோடும் வீட்டோடும் மனைவி மக்களோடும் முதலில் அறிமுகமாகிறான். ஆதலின் அவன் மேல் விழும் ஒவ்வோர் அடியும் நம்மைத் தாக்குகிறது. லிஜோமோல் ஜோஸ் நடித்த செங்கேணி, பணத்துக்குப் பணியாமல் சாட்சியாக நிற்கிறாள். வழக்கறிஞரை மீட்பராக உயர்த்திக் காட்டும் சில காட்சிகள் அவள் மீதிருந்து ஒளியைத் திருப்பிவிடுகின்றன என்பதும் உண்மை. இருந்தும் பார்ப்பவன் எழுந்து போகும்போது ஒரு சாட்சியத்தைச் சுமந்துகொண்டுதான் போகிறான்.

மூன்றாவது, 2023 டிசம்பரில் வந்த ‘கூச முனிசாமி வீரப்பன்’ என்னும் ஆவணத் தொடர். 1990களில் நக்கீரன் இதழ் பதிவு செய்த ஒளிநாடாக்களில் வீரப்பன் தானே தன் கதையைச் சொல்கிறான். நொண்டி நாடகத்தின் உத்தி தானாகவே அமைந்துவிட்டது. அவனுடைய சிரிப்பும் நடிப்பும் நம்மை மயக்கும் ஆபத்து இத்தொடரில் உண்டு. ஆனால் அதிரடிப்படையின் கொடுமைக்கு ஆளான மலையூர் மக்களும் தம் வாயாற் பேசுகிறார்கள். நடிகர் பேசாத அந்தச் சொற்களுக்கு முன்னால் வீரப்பனின் வீரப்பேச்சு ஒலி குன்றிப் போகிறது.

இத்தகைய சாட்சியத்தின் வலிமைக்கு வாச்சாத்தியே போதிய சான்று. சந்தனக் கடத்தலின் பெயரால் 1992 ஜூன் 20இல் அம்மலையடிவார ஊர் சூறையாடப்பட்டது. பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர். அவ்வூர்ப் பெண்கள் சளைக்காமல் சாட்சி சொன்னதால், குற்றஞ்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியருள் உயிரோடிருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கி நின்றது அந்தச் சாட்சியமே.

எனவே, படம் பார்க்கும் மாணவர்களிடம் பாராதே என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. பார்த்தபின் மூன்று வினாக்களை எழுப்பக் கற்பிப்போம்: இக்கதையில் விலை கொடுத்தவன் யார்? அவனுக்குப் பெயர் உண்டா? அவன் வீட்டார் பேசினார்களா? சேஷாசலத்தில் மாண்ட இருபதின்மரின் வீடுகளில் நின்று கதை சொல்லும் கலைஞன் ஜவ்வாது மலையிலிருந்தே ஒருநாள் வரக்கூடும். அவன் வரும்போது அவனுக்குச் செவிகொடுக்கத் தெரிந்த பார்வையாளர்களை நாம் இப்போதே ஆயத்தம் செய்து வைத்தல் வேண்டும்.