லில்லி பிரிஸ்கோவின் காதலும் ஓவியமும்

வர்ஜீனியா வுல்ஃப் (1882–1941) இயற்றிய 'டு த லைட்ஹவுஸ்' என்னும் ஆங்கில நாவல் 1927-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது. 'கலங்கரை விளக்கத்தை நோக்கி' என இதனைத் தமிழிற் சுட்டலாம். இதனைக் குடும்ப நாவல் என்பார் உளர். காலத்தைப் பொருளாகக் கொண்ட நாவல் என்பார் உளர். நனவோடை உத்திக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வார் பலர். இக்கூற்றுகள் பிழைபட்டன அல்ல. ஆயின், நூலின் இறுதி நிகழ்ச்சி அக்குடும்பத்தைச் சாராத ஓர் ஓவியப் பெண்ணுக்கு உரியதாக அமைந்தது ஏன் என்ற வினாவிற்கு இவற்றுள் ஒன்றும் நிறைவான விடை தரவில்லை. லில்லி பிரிஸ்கோ என்னும் அப்பெண், ராம்சே அம்மையார்மேற் கொண்ட காதலே அவ்விடை என்பதும், அதனைத் தாயை நாடும் ஏக்கம் எனப் பெயர் மாற்றியுரைத்தல் நூற்சான்றோடு பொருந்தாது என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

கதை சிறிது. ஸ்காத்லாந்தைச் சார்ந்த ஸ்கைத் தீவில் ஒரு கோடை இல்லம். மெய்யியல் அறிஞர் ராம்சே, அவர் மனைவியார், மக்கள் எண்மர், விருந்தினர் சிலர். அம்மையார்க்கு அகவை ஐம்பது. கண்டார் வியக்கும் அழகியர். லில்லிக்கு 33, மணமாகாதவள். சாளரத்தருகே இளமகன் ஜேம்ஸுடன் அமர்ந்திருக்கும் அம்மையாரை அவள் புல்வெளியில் நின்று வரைகின்றாள், ஓவியம் நிறைவுறவில்லை. ஆண்டுகள் பத்துக் கழிகின்றன. அவ்விடைவெளியில் அம்மையாரின் சாவு அடைப்புக் குறிகளுக்குள் ஒரு தொடராகச் சொல்லப்பட்டு முடிகின்றது. மகள் ஒருத்தி மகப்பேற்றையொட்டிய நோயாலும், மகன் ஒருவன் முதல் உலகப் போரிலும் மாய்கின்றனர். 44 அகவையளாய் லில்லி அதே புல்வெளிக்கு மீள்கின்றாள்.

காதல் என்ற சொல்லை மறுப்பார் தமக்குத் துணையாக நூலினின்றே ஓரிடம் காட்டுவர். அம்மையாரின் காலடியில் வீழ்ந்து தன் உள்ளத்தைச் சொல்லிவிட வேண்டும் என்ற உந்துதல் லில்லிக்கு எழுகின்றது. உம்மைக் காதலிக்கின்றேன் என்பதா என நினைத்துப் பார்க்கின்றாள்; அது மெய்யன்று எனத் தானே தள்ளுகின்றாள்; வேலி, வீடு, குழந்தைகள் ஆகிய இவையனைத்தின்மேலும் தான் காதல் கொண்டதாகச் சொல்வதே தகும் எனக் கருதுகின்றாள். இவ்விடத்தை மேலோட்டமாகப் பயில்வார்க்கு இது மறுப்பாகத் தோன்றும். எனக்கோ, நூலின் சிக்கல் முழுவதும் இங்கேதான் முடிச்சிடப்பட்டிருப்பதாகப் படுகின்றது. லில்லி விழைந்தவர் தனித்து நிற்கும் ஒரு பெண் அல்லர். ஒரு வீட்டின் உயிராக இருப்பவர். அவரை விரும்புதல் அவ்வீட்டையும் விரும்புதலாகும். அவ்வீட்டு வாழ்வுக்கு அம்மையார் அறிந்த வாயிலோ திருமணம் ஒன்றே. லில்லி வில்லியம் பேங்க்ஸை மணத்தல் வேண்டும் என அவர் திட்டமிடுகின்றார். தான் காதலிப்பவரே தன்னைப் பிறனுக்கு மணமுடிக்க முனையும் நிலை இது. இதன் துன்பத்தை வுல்ஃப் எங்கும் உரத்துச் சொல்லவில்லை.

மற்றோரிடம் இதனினும் தெளிவுடையது. லில்லி தரையில் அமர்ந்து அம்மையாரின் முழங்கால்களைத் தழுவிக்கொண்டிருக்கின்றாள். போற்றும் உயிரோடு ஒன்றாய்க் கலத்தற்கு ஏதேனும் வழி உண்டோ என அவள் உள்ளம் வினவுகின்றது. அவரைப் பற்றிய செய்தியை அவள் வேண்டவில்லை, நெருக்கத்தையே வேண்டுகின்றாள். ஒன்றும் நிகழவில்லை. தலை முழங்காலிற் சாய்ந்தபடியே இருக்கின்றது. நம் இலக்கணம் பயின்றார் இதனைக் கைக்கிளை என வகுக்க விரைதல் கூடும். ஒருதலையாதல் உண்மையே. ஆயினும், கைக்கிளையில் தலைவன் மறுமொழி பெறானாயினும் தானே சொல்லி இன்புறுவான். லில்லியோ வாய் திறப்பதே இல்லை. சொல்லப்படாத அது தூரிகைக்குச் செல்கின்றது.

தாய் ஏக்கம் என்ற கொள்கைக்கு வேர் ஆசிரியர் வரலாற்றில் உள்ளது. வுல்ஃபின் அன்னையார் 1895-இல் மறைந்தார். தமக்கை வனெஸ்ஸா பெல், தாமே ஓவியர். நாவலைப் படித்தவுடன் தம் அன்னையை உயிரோடு கண்டதாக எழுதினார். இந்நூலை எழுதிய பின்னரே தாயின் நினைவு தம்மை விடாது பற்றியிருந்த நிலை அகன்றது என வுல்ஃபும் தம் நினைவுக் குறிப்பில் கூறியுள்ளார். அது 1976-இல் அச்சாயிற்று. ஆயின் வரலாற்றைச் சான்றாக்குவார் அதனை முழுவதும் கொள்ளல் வேண்டும். நாவல் உருவாகிக்கொண்டிருந்த 1925-ஆம் ஆண்டின் இறுதியிலேயே வீட்டா சாக்வில்-வெஸ்டுடன் வுல்ஃபிற்குக் காதல் தொடங்கியது. வரலாறு இருபுறமும் பேசுமாயின் நூலே நடுவராதல் வேண்டும். நூலில் தாயை ஏங்குவார்க்கு இடமில்லாமல் இல்லை. ஜேம்ஸ் அவ்வேக்கத்தைத் தாங்குகின்றான். லில்லியின் பார்வை வேறு. அவள் அம்மையாரின் அழகைக் காண்கின்றாள். பிறர் வாழ்வை ஆட்டுவிக்கும் பிடிவாதத்தையும் காண்கின்றாள். அவர் முன்னின்று சேர்த்த பால்–மிண்டா திருமணம் பிற்காலத்தில் நலிந்ததை எண்ணி, மறைந்தவரோடு வழக்காடி வென்றதாக ஒரு கணம் மகிழவும் செய்கின்றாள். மகவின் ஏக்கம் இவ்வாறு வழக்காடுமோ?

விருந்து நிகழ்ச்சியை ஈண்டு நோக்குக. மேசைவிரிப்பின் கோலத்தில் உப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்து, ஓவியத்தில் மரத்தை நடுவே கொணர வேண்டும் என லில்லி முடிவு செய்கின்றாள். பத்தாண்டுக்குப் பின் அதனை நினைவுகூரும்போதுதான் அதன் பொருள் விளங்குகின்றது: மரத்தை நடுவே வைத்துவிட்டால் எவரையும் மணக்க வேண்டுவதில்லை என அன்று பெருங்களிப்பு அடைந்தாளாம். கலைச்சிக்கலும் வாழ்க்கைச்சிக்கலும் ஒரே அசைவில் தீர்கின்றன. பேங்க்ஸும் அவளும் மணம் இன்றியே நெடுங்கால நண்பராகின்றனர். தாயும் மகனும் ஊதா நிற முக்கோணமாக மாறியதன் காரணத்தை அவரிடமே அவள் பொறுமையாக விளக்கினாள் என்பதும் நயமுடையது.

வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' (1925) நாவலில் கிளாரிஸ்ஸா தன் இளமையில் ஸாலி ஸீட்டன்மேற் காதல் கொண்டாள், முத்தமும் பெற்றாள். பின்னர் இருவரும் ஆடவரை மணந்தனர். காதல் நினைவாக எஞ்சியது. லில்லி முத்தம் பெறவில்லை, மணக்கவும் இல்லை. அவள் காதல் வினையாக எஞ்சியது. இவ்விரண்டனுள் பின்னதே அரிய படைப்பு என்பேன். ராட்க்ளிஃப் ஹால் 1928-இல் வெளியிட்ட 'த வெல் ஆஃப் லோன்லினெஸ்' நாவலும் பெண்காதல், தாயின் புறக்கணிப்பு, எழுத்து வாழ்வு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கூறுவது. அதனை அழிக்குமாறு இலண்டன் நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் ஆணையிட்டது. அந்நூற்குச் சான்று கூற வுல்ஃப் நீதிமன்றம் சென்றார். எழுத்தாளர் சான்று ஏற்கப்படவில்லை. வெளிப்படக் கூறிய நூல் தண்டனை பெற்றது. முந்திய ஆண்டு வெளிவந்த லில்லியின் கதை பரிசு பெற்றது. கலைத்திறத்தில் ஹாலின் நூல் தாழ்ந்ததே. எனினும் இவ்வேறுபாட்டிற்குத் திறம் மட்டும் காரணமன்று.

இறுதிப் பகுதியில் லில்லி அம்மையாரின் பெயரைச் சொல்லி அழைத்து அழுகின்றாள். பின்னர் எவரோ சாளரத்தின் உள்ளே அமர, படியில் முக்கோண நிழல் ஒன்று வீழ்கின்றது. அம்மையார் நாற்காலியில் அமர்ந்து காலுறை பின்னுவதாக அவளுக்குத் தோன்றுகின்றது. தன் ஓவியம் மேல்மாடத்து மூலையில் கிடக்கும், அழிந்தும் போகும் என அவள் அறிவாள். நடுவில் ஒரு கோடு இழுக்கின்றாள். அக்கோட்டைக் கலங்கரை விளக்கம் என்பார் உண்டு. உப்புக் கிண்ணத்தை நினைவிற்கொண்டால், அதனை மரம் எனக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகின்றது.