முகமூடிக்குக் கழுத்துதான் உயிர்

பிரதி இல்லாமல் ஒத்திகையிலேயே விளையும் முகமூடி நாடகங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் ஒருவர் முகமூடி செய்தவரின் கையைப் புகழ்வார், இன்னொருவர் நடிகரின் நடையைப் புகழ்வார். என் கட்சி கழுத்து. முகமூடிக்கு மூக்கு நீட்டும் திசைதான் பார்வை. உள்ளே கண்ணை எவ்வளவு உருட்டினாலும் பத்தாவது வரிசைக்கு அது எட்டாது. கழுத்து திரும்பி, திரும்பிய இடத்தில் நின்றால்தான் அந்தப் பாத்திரம் எதையோ கண்டுவிட்டது என்று நமக்குப் புரியும். எசமானுக்கு வந்த கடிதத்தை வேலைக்காரன் திருட்டுத்தனமாகப் பிரிக்கிறான் என்று வையுங்கள். முதல் முயற்சியில் நடிகர் பதுங்குவார், கையைப் பிசைவார், கடிதத்தை முகர்ந்துகூடப் பார்ப்பார். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும், ஒன்றும் தெரியாது. காட்சி தேறும்போது மிஞ்சுவது நாலே திருப்பம்: கடிதம், கதவு, நம் பக்கம், மறுபடி கடிதம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் பயம் சபலமாக மாறுகிறது. நடிகர் சேர்த்தவற்றைவிட விட்டுவிட்டவையே அதைக் காட்சியாக்கின.

குமரன் வளவன் 2007இல் தொடங்கிய இந்தியனோஸ்ட்ரம் நாடகக் குழுவின் ஏற்பாட்டில், 2015 இறுதியில் பிரெஞ்சு நாடக இயக்குநர் அரியான் முனுஷ்கினின் நாடோடிப் பயிற்சிப் பள்ளி புதுச்சேரிக்கு வந்தது. அவருடைய பயிற்சியில் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்படுவது இந்த நிறுத்தம்தான். பாத்திரம் மேடைக்கு வந்து சேரவில்லை என்றால் காட்சி அங்கேயே அறுபடும். ஒருவர் கண்டெடுத்ததை அடுத்தவர் தயங்காமல் நகலெடுக்க வேண்டும். இது நடிகரின் சுதந்திரத்தைப் பறிப்பது, கூட்டுப் படைப்பு என்ற பெயரில் இயக்குநரின் கத்தரி என்று சொல்கிறவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். ஆனால் 1975இல் அவருடைய தியாத்ரு து சொலெய் குழு கூட்டாக உருவாக்கிய ‘பொற்காலம்’ நாடகத்தைப் பாருங்கள். எர்ஹார்ட் ஷ்டீஃபெல் செய்த முகமூடிகள். பிலிப் கோபேர் ஏற்ற அப்துல்லா என்ற அல்ஜீரியக் கட்டடத் தொழிலாளி. காற்று வீசும் நாளில் சாரத்தின் உச்சிக்கு அனுப்பப்பட்டு விழுந்து சாகிறவன். மேடையில் சாரமே கிடையாது. உயரத்தையும் காற்றையும் உடம்பாலேயே காட்ட வேண்டும். அப்படிப்பட்ட காட்சி ஒருவருக்குத் தோன்றிய வேகத்தில் அமைந்துவிடாது; பலர் முன்னால் ஆடி, எது எட்டுகிறது எது எட்டவில்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் அமையும். நகலெடுப்பவர் தன் சுதந்திரத்தை இழக்கவில்லை, சகநடிகர் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்.

இது பிரெஞ்சுச் சரக்கு, நமக்கெதற்கு என்ற குரலும் கேட்கிறது. நம் கூத்தைச் சரியாகப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். திரை பிடித்து, அதன் பின்னாலிருந்து வேடம் தன் வரவைப் பாடி, திரை விலகியதும் கிரீடத்தோடு சபையை நேருக்கு நேர் பார்க்கும் அந்த வருகையைவிடத் துல்லியமான முகமூடிப் பாடம் எங்கே இருக்கிறது? கூத்தில் இருப்பது அரிதாரம்தானே, அசையும் முகம்தானே என்று கேட்கலாம். விடிய விடிய நடக்கும் கூத்தில், தூரத்துப் பாயில் உட்கார்ந்தவருக்கு அரிதாரமிட்ட முகத்தின் நுணுக்கச் சுளிப்பு தெரிவதில்லை. புஜக்கட்டைகளுக்கு மேல் கிரீடம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் தெரியும். அங்கேயும் பேசுவது கழுத்துதான். மெலட்டூர் பாகவத மேளாவின் நரசிம்ம முகமூடியை நினைத்துக்கொண்டால் வாதமே தேவையில்லை. முனுஷ்கினுக்கும் இது பிடிபட்டது. 2016 நவம்பரில் அரங்கேறிய ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்துக்காக, கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானிடம் அவருடைய நடிகர்கள் அடவும் பாட்டும் பயின்று, பாரதக் காட்சிகளைத் தமிழிலேயே ஆடினார்கள்.

அந்தப் பள்ளி வந்துபோன புதுச்சேரியின் சுற்றுவட்டாரத்தில் இப்போது முகமூடி ஓர் அலங்காரமாகிவருவதுதான் வருத்தம். பளபளக்கும் முகமூடியை மாட்டிக்கொண்டு கும்பலாக நடனமாடுகிறார்கள். விளக்கு நிறம் மாறினால் பாத்திரத்தின் மனம் மாறிவிட்டதாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். இசை ஒரு நொடிகூட ஓய்வதில்லை. ஆகவே நிற்கவும் இடமில்லை. அரைமுகமூடி போட்டவர் பேசிக்கொண்டே நடக்கிறார், நடந்துகொண்டே திரும்புகிறார். காலம் போதவில்லை, அரங்க வாடகை கட்டுப்படியாகவில்லை என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒளியமைப்புக்கு ஒதுக்கும் நாட்களில் பாதியை, எந்த விளக்கும் இல்லாத பகல் வெளிச்சத்தில், கடிதம் பிரிக்கும் அந்த வேலைக்காரனின் நாலு திருப்பத்துக்குக் கொடுக்கலாம். அதற்குத் தனியாக ஒரு காசும் ஆகாது.