தள்ளித் திறக்கும் போனும் உப்புக்காற்றும்

மட்டக்களப்புத் தன்னாமுனையில் எங்கள் வளவுக்குப் பழைய கடப்பு ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் துளையிட்ட மரக்கட்டைகள், துளைக்குள் போட்டு இழுக்க மூன்று தடிகள். மாடு உள்ளே வராது. மனிதர் தடியைத் தள்ளிவிட்டுப் போகலாம். அதைச் செய்தவர் துளையைத் தடியைவிட ஒரு விரல் அகலமாக விட்டிருந்தார். கார்த்திகை மழையில் மரம் ஊதும், ஊதினாலும் தடி ஓட வேண்டும் என்பது அவர் கணக்கு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் வற்றி, தடி துளைக்குள் கடகடவென்று ஆடும். அந்த ஆட்டத்தை வீட்டில் யாரும் குறையாகச் சொன்னதில்லை.

ஸ்லைட் போன் ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடப்புத்தான் நினைவுக்கு வருகிறது. ஒன்றின்மேல் ஒன்று ஓட வேண்டுமானால் நடுவில் இடைவெளி வேண்டும். இடைவெளி கூடினால் ஆட்டம், குறைந்தால் இறுக்கம். கடப்புக்கு ஒரு விரல் இடம் விடலாம். போனுக்கோ ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்கைத்தான் விட முடியும். அந்தச் சிறு பங்குக்குள்தான் ஸ்லைட் போனின் அழகும் இருக்கிறது, அதன் அழிவும் இருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்தபோது என் மேசையில் இரண்டு ஸ்லைட் போன்கள் இருந்தன. ஒன்று 2008இல் கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. திரையை மேலே தள்ளினால் கீழே எண் பொத்தான்கள் தெரியும். மற்றது பத்து வருடத்துக்குப் பின் வந்த வகை. முன்பக்கம் முழுவதும் திரை, கீழே தள்ளினால் மறைந்திருக்கும் முன் கெமரா எட்டிப் பார்க்கும். அவற்றின் பெயர்கள் இங்கே வேண்டாம். நான் கண்ட குறைகள் ஒரு நிறுவனத்துக்கு உரியவை அல்ல, அந்த அமைப்புக்கே உரியவை. இரண்டையும் பத்து நாள் மாறி மாறிச் சாரத்து மடிப்பிலும் மேசையிலும் வாவிக்கரையிலும் வைத்துப் பாவித்துப் பார்த்தேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். பழைய போனின் உயிர் அதன் ஸ்பிரிங்கில் இருக்கிறது. பெருவிரலால் பாதித் தூரம் தள்ளும்வரை அது நம்மை எதிர்க்கும். பாதியைத் தாண்டியதும் அதே ஸ்பிரிங் திசைமாறி, மீதித் தூரத்தைத் தானே தள்ளிக்கொண்டு போய் ‘டக்’கென்று நிற்கும். எதிர்ப்பதும் துணைசெய்வதும் ஒரே கம்பிதான். அந்தச் சத்தம் கைக்கும் காதுக்கும் ஒரு செய்தி சொல்கிறது: திறந்துவிட்டது. அழைப்பு வந்தால் தள்ளினால் போதும், பேசலாம். பேசி முடிந்ததும் மூடினால் அழைப்பு முடிந்தது. கண் மங்கிய என் அம்மாவுக்கு இது பெரிய உதவியாக இருந்தது. ஐந்தாம் பொத்தானில் இருக்கும் சின்னப் புள்ளியைத் தடவிப் பார்த்து, மற்ற எண்களை அதிலிருந்து எண்ணிக்கொண்டு, கண்ணாடி போடாமலே என்னை அழைப்பார். இன்றைய வழுவழுப்பான கண்ணாடித் திரை அப்படி எந்தப் பிடியும் அவருக்குக் கொடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் இந்த அமைப்புக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. 1996இல் வந்த நோக்கியா 8110இல் பொத்தான்களை மூடும் ஒரு மூடி மட்டுமே சறுக்கியது. அதற்குப் பிறகு வந்தவற்றில் போனே இரண்டு அடுக்காகி ஒன்றின்மேல் ஒன்று ஓடியது. திரையும் பெரிதாக இருக்க வேண்டும், பொத்தானும் வேண்டும், சட்டைப் பைக்குள்ளும் அடங்க வேண்டும் என்ற மூன்று ஆசைகளுக்கும் அது ஒரே விடை. 2007இல் விற்பனைக்கு வந்த நோக்கியா என்95 இரண்டு திசையிலும் ஓடியது. மேலே தள்ளினால் எண்கள், கீழே தள்ளினால் பாட்டுக்கான பொத்தான்கள். 120 கிராம் எடை, 2.6 அங்குலத் திரை, 5 மெகாபிக்சல் கெமரா. 2008 ஒக்டோபரில் வந்த முதல் அன்ட்ரொயிட் போனான டி-மொபைல் ஜி1கூடத் திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் முழு விசைப்பலகை தெரியும் ஸ்லைட் போன்தான். அந்தத் தலைமுறையில் சறுக்கு ஒரு வேலையைச் செய்தது. இடைவெளிக்கு விலை கொடுத்தவர் கையில் பதிலுக்கு ஒன்று வந்து சேர்ந்தது.

இனி அந்த விலையைப் பார்ப்போம். பழைய போனைப் பாதி திறந்து, இரண்டு அடுக்கையும் இரண்டு கையால் பிடித்து எதிர்த்திசையில் இலேசாகத் திருகினேன். மேல் அடுக்கு நெல்மணி அகலத்துக்கு நகர்ந்தது. காதருகே வைத்து அசைத்தால் லொடலொட என்றது. இது பழசான ஒரு போனின் தனிக்குறை அன்று. 2009இல் வந்த பாம் ப்ரீ புதிதாக இருந்தபோதே, அதன் இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்று திருகி ஆடுகின்றன என்று வாங்கியவர்கள் முறையிட்டார்கள். தொழிற்சாலையில் ஆட்டமில்லாமல் இறுக்கிச் செய்தால் ஓட்டம் கெடும். ஓட்டம் நன்றாக இருக்க வேண்டுமென்று தளர்த்தினால் ஆட்டம் வரும். ஒவ்வொரு நிறுவனமும் அந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் நின்றது. நாள் போகப் போக உலோகம் தேய்ந்து, எல்லாம் ஆட்டத்தின் பக்கமே சாய்ந்தன.

அடுத்தது பட்டிவயர். மேல் அடுக்கில் திரை, கீழ் அடுக்கில் மூளை. இரண்டையும் இணைப்பது கடதாசி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் பட்டியில் ஓடும் செப்புக் கோடுகள். போனைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டி மடிந்து புரண்டு இடம் மாறுகிறது. ஒரே இடத்தில் பலமுறை மடித்த கம்பி என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் போனில் அது நடந்தது. திறந்தால் திரை வெள்ளையாகும், பாதி மூடினால் படம் திரும்பி வரும். திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். பட்டியின் நடுவில், மடித்து வைத்த ஓலையில் விழும் கோட்டைப் போல ஒரு வெளிறிய வரி. சறுக்குத் தடத்தில் பூசியிருந்த கிறீஸ் சாம்பல் நிறமாகிக் களிபோல் திரண்டிருந்தது. அதை விரலால் எடுத்துத் தேய்த்தேன், நறநறவென்றது. மணல்.

இங்கே ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தன்னாமுனைக்கு ஒரு பக்கம் மட்டக்களப்பு வாவி, மறுபக்கம் கொஞ்சத் தூரத்தில் சவுக்கடிக் கடல். வாடைக் காலத்தில் ஈரம், கச்சான் காலத்தில் தூசி, எல்லாக் காலத்திலும் உப்பு. உப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே துடைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும்போது, தடத்துக்குள் இருக்கும் உப்பு ஈரமாகவே இருந்து ஸ்பிரிங்கையும் செப்பையும் அரித்துக்கொண்டிருக்கும். மூடிய உடம்புள்ள போனில் உப்பு வெளியே நின்றுவிடுகிறது. ஸ்லைட் போனில் ஒவ்வொரு தள்ளலும் உப்பையும் மணலையும் தானே உள்ளே அழைத்துச் செல்கிறது.

இரண்டாம் தலைமுறை இந்தப் பாடத்தைப் படித்ததா? 2018இல் ஸ்லைட் போன் திடீரென்று திரும்பி வந்தது. ஒப்போ ஃபைன்ட் எக்ஸ் மோட்டரால் எழும்பியது. ஷியோமி மி மிக்ஸ் 3, ஹொனர் மேஜிக் 2 இரண்டும் கையால் தள்ளுபவை. மி மிக்ஸ் 3இல் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நியோடிமியம் காந்தங்கள். தொடக்கத்தில் தள்ளிப் பிடித்து, பிறகு இழுத்துக்கொள்ளும் அதே பாதிவழி வித்தையைக் காந்தங்கள் செய்கின்றன. என்னிடம் இருக்கும் இரண்டாவது போனும் காந்த வகைதான். உண்மையில் அருமையான வேலைப்பாடு. தள்ளும்போது உராய்வே தெரியவில்லை, நின்ற இடத்தில் அசையாமல் நிற்கிறது. திருகிப் பார்த்தேன்; பழையதில் கண்ட நெல்மணி இங்கே மணல்மணி அளவுக்குக் குறைந்திருந்தது. பத்து வருடத்தில் கைத்திறன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் எதற்காக இந்தத் திறமை? பொத்தானுக்காக அல்ல, முன் கெமராவை மறைப்பதற்காக. திரையின் நெற்றியில் ஒரு சின்ன வெட்டு இருக்கக் கூடாது என்பதற்காகப் போன் முழுவதையும் இரண்டாகப் பிளந்தார்கள். அதன் செலவை எண்ணிலேயே பார்க்கலாம். அதே ஷியோமி அதே 2018இல் வெளியிட்ட மி 8, 175 கிராம் எடையும் 3400 எம்ஏஎச் பற்றரியும் கொண்டது. மி மிக்ஸ் 3இன் எடை 218 கிராம். பற்றரி 3200 எம்ஏஎச். பின்புறத்துச் செரமிக்கும் எடையைக் கூட்டியது என்பது உண்மை. ஆனாலும் கனமான போனுக்குள் சிறிய பற்றரி ஏன் என்ற கேள்விக்குச் சறுக்குத் தடமே முக்கியமான பதில். முதல் தலைமுறை கைக்காகச் சறுக்கியது, இரண்டாம் தலைமுறை கண்ணுக்காகச் சறுக்கியது. 2019இல் சம்சுங் கெலக்ஸி எஸ்10 திரையில் ஒரு சிறு துளை போட்டுக் கெமராவை வைத்தது. அதுபோன்ற துளைக்கு வாங்குவோரின் கண் பழகியதும், அந்தச் சறுக்கலுக்கு இருந்த ஒரே காரணமும் மறைந்துவிட்டது.

உறுதியைப் பற்றி நிறுவனங்கள் ஓர் எண்ணைச் சொன்னன: 3 இலட்சம் முறை தள்ளிச் சோதித்தோம். ஒரு நாளைக்கு நூறு முறை தள்ளினாலும் எட்டு வருடத்துக்கு மேல் வரும். பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோதனைச்சாலை இயந்திரத்தின் கையில் வியர்வை இல்லை, மீன் செதில் இல்லை, மணல் இல்லை. தேய்வைத் தீர்மானிப்பது எண்ணிக்கை மட்டுமன்று, இரண்டு உலோகத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதும்தான். காந்தத்துக்கோ எங்கள் கரையில் தனியாக ஒரு பகை இருக்கிறது. சிறுவயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கடற்கரை மணலில் உருட்டி விளையாடியவர்களுக்குத் தெரியும். கரும்பொடி மீசைபோல் முளைத்து நிற்கும். கிழக்குக் கரை மணலில் இரும்பு கலந்த கனிமம் இருக்கிறது. புல்மோட்டையில் அதை அள்ளி ஏற்றுமதி செய்கிறார்கள். காந்தத்தால் ஓடும் போனை அந்த மணலில் ஒருமுறை வைத்தேன். அன்று மாலை அதன் விளிம்பில் ஒட்டியிருந்த கரும்பொடியைத் தூரிகையால் தட்டத் தட்ட, அது வெளியே போவதற்குப் பதில் தடத்துக்குள்தான் நகர்ந்தது.

தீர்ப்பை எனக்கு முன்பே சொன்னவர் வாவியில் வலை வீசும் பெரியப்பா முறையான ஒருவர். அவர் தன் போனைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிச் சாரத்து மடிப்பில் வைத்திருப்பார். தோணியில் இருந்தபடியே, பை மேலாலே பொத்தானை அழுத்தி, இறால் எவ்வளவு என்று வியாபாரியிடம் பேசுவார். என் புதிய போனை அவரிடம் கொடுத்தேன். அதையும் பைக்குள் போட்டார். தள்ளினார். பை சுருங்கியதே தவிர போன் திறக்கவில்லை. திருப்பித் தந்தார். “மனே, இத உறைக்குள்ள வைச்சா வேல செய்யாது, வெளிய வைச்சா தண்ணி விடாது. பிறகு எங்கதான் வைக்கிற?” பத்து நாள் நான் பார்த்த சோதனைகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். அசையும் உறுப்பு இருந்தாலே தண்ணீரும் தூசியும் புகுந்துதான் தீருமா? இல்லை. 2021இல் வந்த சம்சுங்கின் மடிக்கும் போன்கள் ஐபிஎக்ஸ்8 தரம் பெற்றன. அந்த எக்ஸ் நிற்கும் இடம் தூசிக்கான இடம். தண்ணீருக்கு உறுதி சொல்ல முடிந்தவர்களால் அன்று தூசிக்குச் சொல்ல முடியவில்லை. 2025இல் கூகுளின் பிக்சல் 10 புரோ ஃபோல்ட், மடிக்கும் போனிலும் தூசி தடுக்கும் ஐபி68 தரத்தை எட்டியது. ஆகவே இது இயற்கை போட்ட எல்லை அல்ல. செலவும் கவனமும் போட்ட எல்லை. ஸ்லைட் போனுக்கு அந்தச் செலவைச் செய்ய யாரும் முன்வருமுன் அதன் காலம் முடிந்துவிட்டது.

என் பெரிய மனக்குறை வேறு ஒன்று. கடப்புத் தடி உடைந்தால் வேலியோரத்தில் இன்னொரு தடி வெட்டலாம். தேய்வதற்கென்றே பிறந்த உறுப்பு எதுவோ, அதுதான் இலகுவாக மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சைக்கிள் செயின் அப்படி, தையல் மெஷின் பட்டி அப்படி. ஸ்லைட் போனிலோ முதலில் தேய்கிற தடமும் முதலில் முறிகிற பட்டிவயரும் ஆழத்தில் புதைந்து கிடந்தன. மற்ற எல்லாவற்றையும் கழற்றிய பிறகே அவற்றை எட்ட முடியும். பட்டணத்தில் போன் திருத்தும் கடைகளில் இதற்குப் பொதுவாகக் கிடைத்த பதில், உடைந்த இன்னொரு போனிலிருந்து கழற்றிப் போடலாம் என்பதுதான். நல்ல திரை, நல்ல கெமரா, நல்ல பற்றரி எல்லாம் உயிரோடு இருக்க, சின்னப் பட்டி ஒன்றுக்காகப் போன் அலுமாரிக்குப் போனது. கட்டமைப்பின் தரம் என்பது முதல் நாள் கையில் தெரியும் கனமும் பளபளப்பும் அல்ல. மூன்றாம் வருடம் தேய்ந்த இடத்தை மாற்ற முடிகிறதா என்பதே அதன் அளவுகோல்.

ஆகவே என் முடிவு இது. சறுக்கும் அமைப்பு தவறான எண்ணம் அல்ல. பொத்தானுக்காகச் சறுக்கியபோது அது மனிதரின் கைக்கும் மங்கிய கண்ணுக்கும் மரியாதை செய்தது. கெமராவை ஒளிப்பதற்காகச் சறுக்கியபோது, கொடுத்த விலைக்கு ஈடாக எதையும் திருப்பித் தரவில்லை. இரண்டு முறையும் அதைச் செய்தவர்கள் உப்பையும் மணலையும் கணக்கில் எடுக்கவில்லை, திருத்துவோருக்கு வழியும் வைக்கவில்லை. வாவியை நம்பி வாழ்பவருக்கு இந்தப் போனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய ஸ்லைட் போன் ஒன்றை ஆசைக்காக வாங்குவதானால் காசைக் கொடுக்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். பாதி திறந்து திருகிப் பாருங்கள். இருபது முறை திறந்து மூடி, திரை ஒருமுறையாவது வெளிறுகிறதா என்று கவனியுங்கள். காதருகே வைத்துத் தள்ளி, நறநறப்புக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் வாங்காதீர்கள். அது கரையின் மணல். உள்ளே போனது வெளியே வராது.