சபூர் செய்யும் கதாநாயகிகள்

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னர் நான் எழுதிய சிறுகதையொன்றைச் சென்ற வருடம் ஆண்டு 11 மாணவர்கள் சிலருக்கு வாசித்துக் காட்ட நேர்ந்தது. கதை எளிமையானது. கணவன் அடிக்கிறான். மனைவி தஹஜ்ஜத் தொழுது அழுகிறாள், உம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. ஈற்றில் அவன் நோயில் விழ, அவள் பணிவிடை செய்ய, அவன் திருந்துகிறான். அக்காலத்தில் பரிசு பெற்ற கதை. வாசித்து முடிந்ததும் பின்வரிசையிலிருந்த மாணவியொருத்தி கேட்டாள்: "அவனுக்கு வருத்தம் வராட்டி அவ என்ன செஞ்சிருப்பா சேர்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் எமது புனைகதைகள் சிலவற்றை மீள வாசிக்கத் தொடங்கினேன்.

இத்தகைய கதையை நான் மட்டும் எழுதவில்லை என்பது எனக்கு ஆறுதலல்ல. அடி ஒரு சோதனை, வீட்டு இரகசியம் மானம், சந்தேகம் பாசத்தின் அடையாளம் என்ற மூன்று பாடங்களை எம்மவர் கதைகள் பல சலிக்காமல் நடத்தியிருக்கின்றன. சிநேகிதி வீட்டுக்குப் போகாதே என்று தடுப்பவன் இக்கதைகளில் 'ரோஷக்காரன்'. இளம் வாசகி அந்தச் சொல்லை வைத்துத்தான் பின்னர் தனக்கு வாய்ப்பவனை அளக்கிறாள். இளம் வாசகனும் அதை வைத்தே தன்னை ஆண் என்று நம்புகிறான்.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்தபோது எமது வட்டங்களில் எழுந்த பேச்சு பெரும்பாலும் அதன் மொழி ஆபாசமா இல்லையா என்பதைச் சுற்றியே நின்றது. நானும் அதில் கலந்துகொண்டவன்தான். இப்போது வாசிக்கும்போது எனக்குத் தெரிவது வேறு. ராபியா என்ற சிறுமிக்கு எவரும் எதையும் சொல்லித் தருவதில்லை. பெரியவர்களின் கிசுகிசுப்பிலிருந்தும் பாதியில் நிறுத்தப்பட்ட வாக்கியங்களிலிருந்தும் அவள் உலகத்தைப் பொறுக்கியெடுக்கிறாள். வஹிதா ஒன்றுமறியாமலே சிக்கந்தரின் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். பிர்தவ்ஸின் முடிவோ பெற்ற தாயின் கையாலேயே நிகழ்கிறது. இத்தனை பெண்கள் நெருங்கி வாழும் வீடுகளில், ஒருத்தி தன் துயரத்தைச் சொல்லி உதவி கேட்கக்கூடிய ஓர் ஆள் இல்லை. நாவலின் உண்மையான பயங்கரம் இதுதான். ஆபாசம் தேடியவர்களாகிய நாங்கள் இதைத் தவறவிட்டோம்.

நாவலில் எனக்கொரு குறையும் உண்டு. சிக்கந்தர்கள் எப்படி உருவாகிறார்கள் என்பதில் அது அதிகம் தங்குவதில்லை. பெண்களின் அறைகளுக்குள் அவ்வளவு நுட்பமாக நுழையும் கதை, ஒரு பொடியன் எவ்விடத்தில் அதிகாரத்தை அன்பென்று கற்றுக்கொள்கிறான் என்பதை வாசலிலேயே விட்டுவிடுகிறது.

மார்க்கத்தைச் சொல்லி இக்கேள்விகளை மூடுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். யஃகூப் நபி மகனைப் பிரிந்து கண்கள் வெளுக்கும்வரை அழுதார். அவரது சபூரில் எவரும் குறை காணவில்லை. கணவன் மீது முறையிட்டு நபிகளாரிடம் வாதாடிய கவ்லாவின் காரணமாகவே குர்ஆனின் 58ஆவது சூராவுக்கு 'அல்முஜாதலா' என்று பெயர் வந்தது. அழுவதும் முறையிடுவதும் சபூருக்கு வெளியே நிற்பவையல்ல. எமது கதாநாயகிகளுக்கு மட்டும் இரண்டையும் ஏன் மறுத்தோம்?

இன்னும் முக்கியமானது பரீராவின் சம்பவம். புகாரியில் பதிவாகியிருப்பது. அடிமைத்தளையிலிருந்து விடுதலையான பரீரா, கணவர் முகீதைப் பிரியத் தீர்மானிக்கிறார். முகீத் மதீனாவின் தெருக்களில் அழுதபடி அவர் பின்னே திரிகிறார். நபிகளார் அவருக்காகப் பேசுகிறார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்கிறார். இல்லை, பரிந்துரைதான் என்று தெரிந்ததும் மறுத்துவிடுகிறார். மறுப்பு அப்படியே நிற்கிறது. 'வேண்டாம்' என்பதை ஒரு பெண் சொல்லலாம், ஓர் ஆண் அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் என் கையில் இல்லை. பெண்ணின் பின்னால் அலைந்து அலைந்தே அவளை வெல்லும் சினிமாக் கதாநாயகனை எமது பிள்ளைகள் நன்கறிவார்கள். முகீதை அறியார்.

ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' (2014) ஓரளவு வேறு திசையில் போகிறது. அதில் தவக்குல் மற்றப் பெண்களின் துயரத்தைக் கேட்கிறாள், அதற்கான விலையையும் கொடுக்கிறாள். கலைரீதியாகச் சில இடங்கள் தளர்ந்திருப்பினும், கேட்பதற்கொரு காது கதைக்குள் வந்துவிட்டது.

எமது யதார்த்தவாதத்தில் இன்னொரு ஓட்டையுமிருக்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கோர எல்லா இனத்தவருக்கும் வழிசெய்தது. சிறுவர்களுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. நான் வாசித்த கதைகளில் ஒரு பாத்திரமேனும் இந்த இலக்கத்தை அழுத்தியதில்லை. கதை துண்டுப்பிரசுரமாகிவிடும் என்பார்கள். காதியாரின் விறாந்தையை விலாவாரியாக எழுதும் எமக்கு இது மட்டும் எப்படிப் பிரசாரமாகிறது?

எனது கதையைத் திருத்தி எழுதினேன். அவனுக்கு நோய் வரவில்லை. அவள் முதலில் ராத்தாவிடம் சொல்கிறாள், ராத்தா நம்புகிறாள். பிரதியை அந்த மாணவியிடம் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தாள்.

"இப்ப பரவால்ல சேர். ஆனா அவன்ட உம்மா ஒண்டும் சொல்லல்லியே."