முதலிடம் யாருக்கு?

கணிப்பொறியில் பாட்டுக் கேட்போரிடையே ஒரு கைவைத்தியம் பரவியிருக்கிறது. பாட்டு நடுநடுவே அறுந்தால் இசை இயக்கியின் முன்னுரிமையை 99 ஆக்கிவிட வேண்டுமாம். அறுபடுவது நிற்பதோடு இசையின் இனிமையும் கூடிவிடுமாம். இந்த வைத்தியத்தின் முதற்பாதி அரைகுறை உண்மை. பிற்பாதி வெறும் நம்பிக்கை. இரண்டையும் சற்றே ஆராய்வோம்.

திருவெறும்பூரில் ஒரு மாணவர், ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணிப்பொறியில் லினக்ஸை ஏற்றி, எம்.பி.டி. எனப்படும் மியூசிக் பிளேயர் டெமான் மூலம் நாகசுரம் கேட்கிறார் எனக் கொள்வோம். குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி என்பது, ஒரு வினாடிக்கு ஒவ்வொரு தடத்திலும் 44,100 எண்கள். இயக்கி இவ்வெண்களை ஒரு தேக்கத்தில் நிரப்புகிறது. ஒலி அட்டை தன் சொந்தக் கடிகாரத்தின்படி அவற்றை எடுத்துக்கொள்கிறது. அரை வினாடித் தேக்கம் என்றால் தடத்துக்கு 22,050 எண்கள் கையிருப்பில் இருக்கும். நிரப்புகின்ற இழைக்கு அரை வினாடிக்கு மேல் செயலியில் இடம் கிடைக்காவிட்டால் தேக்கம் வற்றிவிடும், நாகசுரம் அறுபடும்.

முன்னுரிமை உதவுவது இங்கேதான். அது எண்களை மாற்றுவதில்லை. 0 முன்னுரிமையில் போனாலும் 99-இல் போனாலும் அதே எண்களே ஒலி அட்டையை அடைகின்றன. அவை ஒலியாகும் வேகத்தையும் அட்டையின் கடிகாரமே தீர்மானிக்கிறது. ஆகவே இனிமை கூட வழியில்லை. எம்.பி.டி.யின் கையேடு இந்த வதந்தியைக் குறிப்பிட்டு, அது உண்மையன்று என்று நேராகவே சொல்லிவிடுகிறது. மென்பொருள் கையேடுகளில் இத்தகைய நேர்மை அரிது, பாராட்டத்தான் வேண்டும்.

இனி முதற்பாதி. முன்னுரிமை என்றவுடன் நாம் முக்கியத்துவம் என்று பொருள் கொண்டுவிடுகிறோம். கலியாணப் பந்தியில் சம்பந்திக்கு முதலிடம் என்பது போன்ற எண்ணம் இது. கணிப்பொறியில் அப்படியில்லை. 1973-இல் லியூ, லேலண்ட் என்னும் இருவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, திரும்பத் திரும்ப நிகழும் வேலைகளுள் எதன் இடைவெளி மிகக் குறுகியதோ அதற்கே உயர்ந்த முன்னுரிமை தர வேண்டும் என்று காட்டியது. வேலை பெரியதா, மதிப்புடையதா என்பது அங்கே கேள்வியே அல்ல.

எம்.பி.டி.யின் அமைப்பு இந்த நெறிக்கு ஒத்துப்போகிறது. அதனுள் பல இழைகள் ஓடினாலும், ஒலியை வெளியே அனுப்பும் இழையும் அதற்குத் துணையான ஓர் இழையும் மட்டுமே நிகழ்நேர வரிசையில் நிற்கின்றன. இசைக்கோப்பை விரித்துத் தரும் இழைக்குச் சாதாரண இடம்தான். புதுப் பாடல்களைத் தேடிப் பட்டியலிடும் இழை, வேறு எவருக்கும் செயலி வேண்டாத நேரத்தில் மட்டும் ஓடுகிறது. சிஸ்டம்டிக்காக அதனுடன் வரும் சேவைக் கோப்பிலும், 40 வரை உயர்ந்துகொள்ளலாம் என்ற அனுமதி மட்டுமே உண்டு, கட்டாயம் இல்லை.

கைவைத்தியக்காரர்கள் செய்வது வேறு. சேவை முழுவதற்கும் 99 என்று எழுதிவிடுகிறார்கள். விரிக்கும் இழைக்கும் அந்த 99 ஒட்டிக்கொள்கிறது. லினக்ஸில் சாதனங்களின் குறுக்கீட்டைக் கவனிக்கும் இழைகள் இருக்குமிடத்து, அவற்றுக்கு இயல்பாக 50 கிடைக்கிறது. 40 அதற்குக் கீழே. 99 அதற்கு மேலே. ஒலி அட்டை 'காலியாகிறது, நிரப்பு' என்று குரல் கொடுப்பதே அந்த 50 வழியாகத்தான்! இந்தக் காரணத்தைக் கையேடு ஒரு வரியில் விளக்கியிருந்தால் பாதி வைத்தியர்கள் கடையை மூடியிருப்பார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. அதே சேவைக் கோப்பு, நிகழ்நேர இழை இடைவிடாமல் ஓடக்கூடிய நேரத்துக்கு வரம்பே வைக்கவில்லை. நிரலில் பிழை நேர்ந்து அந்த இழை சுழலில் சிக்கினால், சிறு கணிப்பொறி திணறிப்போகும். 2009-இல் லென்னார்ட் போயட்டரிங் எழுதிய ஆர்ட்கிட், நேர வரம்பை ஏற்கும் நிரலுக்கே நிகழ்நேர உரிமை வழங்குகிறது. அதுவே மேலான ஏற்பாடு என்பது என் கருத்து.

முன்னுரிமை தந்தும் தாமதம் நேர்வதுண்டு. திருச்சி–தஞ்சை ரயில் பாதை ஒற்றைப் பாதையாக இருந்த நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். திருவெறும்பூருக்கும் பொன்மலைக்கும் நடுவே ஒரு சரக்கு வண்டி நிற்கிறது. விழுப்புரம் பக்கமிருந்து வரும் பாசஞ்சர், சரக்கைவிட மேலானது என்பதால் பொன்மலையில் முந்திக்கொள்கிறது. சரக்கு நகர முடியாததால் அதன் பின்னால் எக்ஸ்பிரஸ் காத்துக் கிடக்கிறது! எக்ஸ்பிரஸை வழிமறித்தது உண்மையில் அந்தப் பாசஞ்சர்தான். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணிப்பொறி அடிக்கடி தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டதற்கு இதே சிக்கல்தான் காரணம். சரக்கு வண்டி விலகும்வரை அதையும் எக்ஸ்பிரஸாகவே மதிப்பது இதற்குத் தீர்வு. இந்த முறையை 1990-இல் விரிவாக ஆராய்ந்து எழுதிய மூவருள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற ரகுநாதன் ராஜ்குமார். பூமியிலிருந்து கட்டளை அனுப்பி இதை இயக்கியபின் பாத்ஃபைண்டர் சீரானது. லினக்ஸ் 2006-இல், 2.6.18 பதிப்பில், பயனர் நிரல்களுக்கும் இவ்வசதியைத் தந்தது. ஆனால் நிரல் எழுதுபவர் கேட்டுப் பெற்றால்தான் கிடைக்கும். 99 என்று எழுதுவதால் தானாக வந்துவிடாது.

2024-இல் வெளிவந்த லினக்ஸ் 6.12-இல், ஏறத்தாழ இருபதாண்டு உழைப்பில் உருவான முழு நிகழ்நேர வசதியும் சேர்ந்துவிட்டது. பாட்டுக் கேட்க அது தேவையென்று சிலர் பரபரக்கிறார்கள். எந்திரக் கையை இயக்குவோருக்குத் தேவைதான். அரை வினாடிக் கையிருப்பு உள்ளவருக்கு எதற்கு?

திருவெறும்பூர் மாணவர் முதலில் செய்ய வேண்டியது, பி.எஸ். கட்டளையால் எந்த இழை எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்ப்பது. வெளியேற்றும் இழைக்கு 40 கிடைத்திருந்தும் நாகசுரம் அறுந்தால், தேக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதற்கும் நிற்காவிட்டால் நினைவு அட்டையையும் மின் அடாப்டரையும் சோதிக்க வேண்டும். அட்டை கோப்பைத் தாமதமாகத் தந்தால் விரிக்கும் இழை கைகட்டி நிற்கும்; காத்திருக்கும் இழைக்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது காத்துக்கொண்டுதான் இருக்கும்.