ட்ரோன் விலக்கு: எடையும் நோக்கமும் மட்டும் போதுமா?

உத்திரமேரூர் அருகே காவாந்தண்டலத்து நெல்வயலில் ட்ரோன் கொண்டு மருந்து தெளிப்பவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். அதே வரப்பில் நின்று ஒன்றரைக் கிலோ ட்ரோனைப் பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவருக்கு அது வேண்டாம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனுக்கும், வணிக நோக்கமின்றிப் பறக்கும் 2 கிலோ வரையுள்ள மைக்ரோ ட்ரோனுக்கும் விலக்கு உண்டு.

இவ்விதிகள் செய்த நன்மை பெரிது. முன்பிருந்த 25 படிவங்கள் ஐந்தாகக் குறைந்தன. 18 முதல் 65 வரை வயதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சியும் இருந்தால் கிராமத்துப் பெண்ணும் பைலட் ஆகலாம். நமோ ட்ரோன் தீதி திட்டம் மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் விலையில் 80 விழுக்காட்டை, 8 லட்சம் ரூபாய் வரை, மானியமாகத் தருகிறது. சான்றிதழ் எட்டாக்கனியாக இருந்தால் அந்த மானியத்தால் என்ன பயன்?

குறை, விலக்கின் அடிப்படையில் இருக்கிறது. காசு வாங்கிக் கல்யாணத்தைப் படமெடுப்பவர் பயிற்சி பெற வேண்டும். அதே கருவியை விளையாட்டாக ஓட்டுபவர் எதையும் கற்க வேண்டியதில்லை. தலையில் விழும் ட்ரோன் இந்த வேறுபாட்டை அறியாது. மின்கம்பி, காற்று, 400 அடி உயர வரம்பு ஆகியவற்றை அவருக்கு யார் சொல்லித்தருவது?

விலக்கு தந்தாலும் தேர்வு கேட்க முடியும். அமெரிக்காவில் எஞ்சின் இல்லாத கிளைடரை ஓட்ட மருத்துவச் சான்றிதழ் வேண்டாம். 14 வயதிலேயே மாணவர் தனியாகப் பறக்கலாம். ஆனால் முழு உரிமம் பெற எழுத்துத் தேர்வும் பறந்து காட்டும் தேர்வும் கட்டாயம். பொழுதுபோக்கு ட்ரோனுக்கும் 2021 முதல் அங்கே இலவச இணையத் தேர்வு உண்டு.

ஒன்றைத் தளர்த்தினால் இன்னொன்றைக் கேட்கும் இந்த நெறி உத்திரமேரூர் வட்டாரத்துக்குப் பழையது. முதலாம் பராந்தகனின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர்ச் சபைக்கு ஆள் தேரும் குடவோலையில் பெயர் இட, கால் வேலி நிலம் கேட்டது. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலியே போதும் என்றது. நிலமும் வேதமும் இல்லாத பெரும்பாலோரை அது ஒதுக்கியது உண்மை. ஆயினும் ஒரு தகுதியைத் தளர்த்தியபோது இன்னொன்றைக் கேட்டது.

இன்றைய விதிக்கும் அது பொருந்தும். பொழுதுபோக்கு மைக்ரோ ட்ரோனுக்குச் சான்றிதழ் வேண்டாம். தமிழில் ஒரு சிறு பாடமும் இலவசத் தேர்வும் இருக்கட்டும். பத்தாம் வகுப்பில் தேறாத, ஆனால் வயலை நன்கறிந்த விவசாயிக்குக் கடுமையான செய்முறைத் தேர்வு வைத்துப் பைலட் ஆகும் வழியைத் திறக்கட்டும். அப்போது விலக்கு, பாதுகாப்புக்கும் நியாயத்துக்கும் ஒருசேர உதவும்.